ஏழாம் தொட்டி

அக்டோபர். போலந்தின் ஆப்பிள் முழுக்க
எங்கள் கேட்டுக்கு வெளியே லாரிகளில் நிற்கிறது.
என் பெயர் தொப்ரோக்னா. இரவு ஷிஃப்ட்.
பள்ளியில் உயிரியலில் இரண்டு முறை தேறாதவள்.
இப்போது அதே பரீட்சை
இருபதாயிரம் லிட்டர் தொட்டியில் தினமும் வருகிறது.

பிழிந்த சாறு கலங்கல்.
செல்லோடு செல்லை ஒட்டி வைத்திருந்த பசை, பெக்டின்,
வீடு இடிந்த பிறகும் அடங்காத தூசியாய்
சாறெங்கும் தொங்குகிறது.
சும்மா விட்டாலும் அது ஒருநாள் உடையும்.
எந்த நூற்றாண்டில் என்றுதான் கேட்கக்கூடாது.
உடைவதற்கு முன் தாண்ட வேண்டிய வாசற்படி
இடுப்புயரம்.

அரை லிட்டர் கேன் ஒன்றைத் திறந்து ஊற்றுகிறேன்.
தேநீர் நிறம். பூஞ்சையிலிருந்து எடுத்த நொதி.
அது பெக்டினைத் தள்ளுவதில்லை, இழுப்பதில்லை.
படியைக் கணுக்காலுக்குத் தாழ்த்துகிறது,
அவ்வளவுதான்.
போகிற இடம் பழைய இடமே,
போகும் நேரம் மட்டும் வேறு.

பூட்டும் சாவியும் என்று பாடநூலில் படம் இருந்தது.
நான் அதை நம்பவில்லை.
குளிர்கிடங்குக்குப் போகும்போது பார்க்கிறேனே:
கையுறை, கை நுழையும்வரை வெறும் தோல்.
விரல் போனதும் தன்னை இறுக்கிக்கொள்கிறது.
நொதியின் பள்ளத்திலும் அப்படித்தான்.
பெக்டின் சங்கிலி வந்து அமர, பள்ளம் லேசாய் நெளிய,
கண்ணி ஒன்று தெறிக்கிறது.
துண்டுகள் வெளியே. பள்ளம் காலி.
அடுத்தது.
எத்தனை வந்து போனாலும்
அது ஒரு துளியும் குறையவில்லை.

சர்க்கரையை ஏறிட்டும் பார்க்காது.
ஆகஸ்ட் காய்களில் மாவு மிச்சமிருந்து
அயோடின் சொட்டினால் நீலம் காட்டும்;
அதற்கு வேறு கேன், வேறு நொதி.
வாயில் ரொட்டியை இனிப்பாக்கும் என் எச்சில் நொதியை
இங்கே கூப்பிட்டால்
இந்தப் புளிப்பில் கைவிரித்துவிடும்.

நேற்று இரவு ஒரு மணி.
ஏழாம் தொட்டியின் வெப்பமானி பொய் சொன்னது.
ஐம்பது என்றது முள். உள்ளே எண்பத்திரண்டு.
கேனை ஊற்றி ஒன்றரை மணி நேரம் ஆகியும்
சாறு கலங்கலாகவே நின்றது.
யாத்விகா சோதனைக்குழாயில் சாராயம் கலந்து ஆட்ட,
கூழாய்த் திரண்டு எழுந்தது பெக்டின்,
ஒரு கண்ணியும் அறுபடாமல்.

"ஆற வைப்போம், திரும்ப வேலை செய்யும்" என்றான் வீட்டோல்ட்.
ஆற வைத்தோம்.
அவித்த முட்டையை ஆற வைத்தால்
மஞ்சளும் வெள்ளையும் திரும்ப வழியுமா என்ன?
நூலாய் மடிந்து மடிந்து
தன் பள்ளத்தைத் தானே செய்துகொண்டிருந்த புரதம்
மடிப்பவிழ்ந்து கிடந்தது.
பெக்டின் வந்து கதவைத் தேடியிருக்கும்.
சுவரும் இல்லை.

புதுக் கேன். இந்த முறை என் கையால் அளந்த ஐம்பது.
நாற்பது நிமிடத்தில் பஞ்சுபோல் படியத் தொடங்கியது.
மூன்றரைக்குக் குவளையில் பிடித்து விளக்குக்கு நேரே தூக்கினேன்.
மறுபக்கம் ஷிஃப்ட் தாள்.
அதில் என் பெயரை வீட்டோல்ட் தப்பாய் எழுதியிருப்பது
தெளிவாய்த் தெரிந்தது.

நான்கு மணிக்கு அடுத்த வேலை.
சங்கிலி தீர்ந்த பின்னும் நொதி போகாது.
களைக்காது, சம்பளம் கேட்காது,
புட்டிக்குள்ளும் காலிப் பள்ளத்தோடு காத்திருக்கும்.
அதனால் சாறு முழுவதையும்
தொண்ணூறுக்கு ஏற்றுகிறோம்.

கொல்கிறோம் என்று சொல்லமாட்டேன்.
அதற்கு உயிர் இருந்ததில்லை.
ஆனாலும் ஒரு மணிக்கு விபத்து என்று
நான் அறிக்கை எழுதிய அதே சூட்டை
நான்கு மணிக்கு என் விரலே அழுத்தித் தொடங்குகிறது.
பொத்தான் பச்சை.
கையுறையைக் கழற்றுகிறேன்.
அது கொஞ்ச நேரம்
என் விரல்களின் வடிவிலேயே கிடக்கிறது.